ஐந்தாவது பாட்டு

உடற்பயிற்சிக்குப் பாட்டுத் தெரிவு செய்யும் வேலை என் தலையில் விழுந்தபோது நான் ஓய்வுபெற்று இரண்டு வருடமாகியிருந்தது. முப்பத்திரண்டு வருடம் ஆங்கிலம் படிப்பித்தவள். சீனி வருத்தமும் பிரஷரும் சேர்ந்தே வந்தன. திருகோணமலையில் மாதா மாதம் கிளினிக்குக்குப் போய் வாங்கில் குந்தியிருந்து மருந்தெடுக்கும் கூட்டத்தில் நானும் ஒருத்தி.

அங்கிருந்த மிஸி, எங்கள் பக்கத்தில் தாதியை அப்படித்தான் கூப்பிடுவோம், ஒருநாள் எங்களில் இருபது பெண்களை மறித்து வைத்துக்கொண்டார்.

"குளிசை மட்டும் காணாது. உடம்பு அசையோணும். கிழமைக்கு மூண்டு நாள் எல்லாரும் சேர்ந்து செய்யுங்கோ. பாட்டுப் போட்டுச் செய்தால் அலுப்புத் தெரியாது."

ஓர்ஸ் ஹில்லிலிருந்து உள்துறைமுகப் பக்கம் இறங்கும் வீதியில் ஒரு வாசிகசாலையின் மேல்மாடி மண்டபம் பின்னேரங்களில் சும்மா கிடந்தது. அதைக் கேட்டு வாங்கினோம். எனக்குப் போனில் பாட்டு இறக்கத் தெரியும், கையடக்கமான ஸ்பீக்கர் ஒன்றும் வைத்திருந்தேன். அந்த இரண்டு தகுதியும் போதுமாக இருந்தது.

முதல் கிழமை தமிழ்ச் சினிமாப் பாட்டுகளைப் போட்டேன். இரண்டாவது பாட்டு தொடங்கியதும் முன்வரிசையில் நின்ற ஒரு பெண் கையை இறக்கிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றார். சம்பூரைச் சேர்ந்தவர், இப்போது டவுனில் இருக்கிறார். தலைசுற்று என்று நினைத்து நான் தண்ணீர்ப் போத்தலோடு போனேன்.

"ஒண்டுமில்லை டீச்சர். அந்தப் பாட்டு மட்டும் வேண்டாம். சண்டையில நாங்கள் ஊரை விட்டு வெளிக்கிட்ட அண்டைக்குப் பக்கத்து வீட்டு ரேடியோவில அதுதான் போனது. அதை நிப்பாட்டிப்போட்டு வரக்கூட அந்த வீட்டில ஒருத்தரும் இருக்கேல்ல."

அந்தப் பாட்டை எடுத்தேன். அடுத்த கிழமை வேறொரு பெண் வேறொரு பாட்டைச் சொன்னார். "மகன் முணுமுணுக்கிற பாட்டு" என்றார், அவ்வளவுதான். எந்த மகன், அவர் இப்போது எங்கே என்று எங்கள் வயதுத் தாய்மாரிடம் யாரும் கேட்பதில்லை. பக்திப் பாட்டுப் போடலாம் என்றால் எங்களில் சைவம், முஸ்லிம், கிறிஸ்தவம் எல்லாம் இருந்தன, இரண்டு சிங்களப் பெண்களும் இருந்தார்கள். மூன்றாவது கிழமை பட்டியலில் மிஞ்சியது நான்கு பாட்டு. அந்த மண்டபத்தில் ஒருத்தரையும் நோகடிக்காத தமிழ்ப் பாட்டைத் தேடுவது ஏலாத காரியமாக இருந்தது.

அதனால்தான் ஆங்கிலத்துக்குப் போனேன். என் அண்ணன் வெளிநாடு போகும்போது விட்டுவிட்டுப் போன கசற்றுகளில் இருந்தவை, எழுபதுகளிலும் எண்பதுகளிலும் வந்த பொப் பாட்டுகள், ராக் பாட்டுகள். அவர்களுக்கு வார்த்தை ஒன்றும் விளங்காது, ஆனால் மேளம் விளங்கும். விளங்காத பாட்டு யாரையும் நோகடிக்காது என்று நினைத்தேன்.

தெரிவு செய்வதை நான் விளையாட்டாகச் செய்யவில்லை. வினாத்தாள் தயாரிப்பது போலச் செய்தேன். சுவர் மணிக்கூட்டுக்கு முன்னால் கதிரையைப் போட்டுக்கொண்டு, பதினைந்து செக்கனில் எத்தனை அடி விழுகிறது என்று எண்ணி, நாலால் பெருக்கிக் கொப்பியில் எழுதுவேன். நூற்றுக்குக் கீழே என்றால் கை கால் நீட்ட. நூற்றிருபது என்றால் நின்ற இடத்தில் நடக்க. நடுவில் தாளம் மாறும் பாட்டுகள் ஆகாது, பெண்கள் கால் தடுக்கி ஒருத்தரில் ஒருத்தர் மோதுவார்கள். கிட்டார் தனியாக நீண்டநேரம் அலையும் பாட்டுகளும் ஆகாது, எல்லாரும் கதைக்கத் தொடங்கிவிடுவார்கள். கடைசியில் ஏழு பாட்டு நின்றது. முதல் இரண்டும் உடம்பைச் சூடாக்க. மூன்றும் நாலும் ஏற. ஐந்தாவதுதான் உச்சம். ஆறில் இறங்கி, ஏழில் பாயில் படுத்து மூச்சை விட வேண்டும். நாலாவது பாட்டில் ஒருவன் தன்னை விட்டுப் போனவளை நினைத்து அழுகிறான். இருபது பெண்கள் அதற்குக் கையை விரித்து விரித்துத் துள்ளுவார்கள். அது எனக்கு மட்டும் தெரிந்த பகிடி.

அந்தக் கூட்டத்தில் எனக்குப் பிடித்தவர் ஒருவர் இருந்தார். கிண்ணியாவில் பிறந்து டவுனில் வாழ்க்கைப்பட்டவர். ஐம்பதுக்கு ஒரு வயது குறைவு. வீட்டில் இருந்து சட்டை தைப்பவர். அபாயாவுக்குக் கீழே, கட்டாரில் இருக்கும் மகள் அனுப்பிய மஞ்சள் நிறச் சப்பாத்துப் போட்டுக்கொண்டு வருவார். கணவர் ஓட்டோ ஓட்டுகிறவர், முஸ்லிம் அண்ணன்மாரைக் கூப்பிடுவதுபோல அவரை எல்லாரும் நானா என்போம். மனைவியைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, ஏழு பாட்டும் முடியும் வரைக்கும் வீதியோரத்தில் காத்திருப்பார்.

மனைவிக்கு வாய் ஓயாது. குனிந்தாலும் கதை, நிமிர்ந்தாலும் கதை. ஆங்கிலம் தெரியாது, ஆனால் ஒவ்வொரு பாட்டுக்கும் தானே தமிழ் கண்டுபிடித்து வைத்திருந்தார். மூன்றாவது பாட்டின் பல்லவி அவருக்கு "மீன்வாடி, மீன்வாடி" என்று கேட்டது, கடற்கரையில் மீன் போடும் கொட்டிலைச் சொல்வது போல. அது வந்தவுடன் உரத்துப் பாடுவார். "எங்கட கடற்கரைய எப்புடித் தெரியும் டீச்சர் இந்த வெள்ளக்காரனுக்கு?" என்று கேட்பார். மண்டபமே சிரிக்கும்.

ஒரு வருடம் அப்படிப் போனது. கிளினிக் கொப்பிகளில் எங்கள் சீனிக் கணக்கும் பிரஷர் கணக்கும் இறங்கின. மிஸி எல்லாருக்கும் முன்னால் என்னைப் பாராட்டினார். எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் வந்தது என்றுதான் சொல்ல வேண்டும். படிப்பித்த காலத்திலும் எனக்கு இந்தக் குணம் இருந்தது. பிள்ளைகள் நன்றாகச் செய்தால் அடுத்த பாடத்தை இன்னும் கடினமாக்குவேன்.

ஐந்தாவது பாட்டை மாற்றினேன். பழையது நூற்றிருபத்தெட்டு அடி. புதியது ஒரு ராக் பாட்டு. கிட்டார் உறுமிக்கொண்டு தொடங்கும், பிறகு டிரம்ஸ் வந்து விழும். எண்ணிப் பார்த்தபோது நூற்றைம்பதுக்கு மேலே போனது. வீட்டில் நான் செய்து பார்த்தேன், எனக்கு மூச்சு இளைத்தது. அதைப் பெருமையாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

அதை முதன்முதல் போட்டது ஒரு சனிக்கிழமை. முடிந்ததும் கிண்ணியாப் பெண் வியர்வையைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"டீச்சர், இந்த அஞ்சாவது பாட்டு கடுமையா இளைக்கி. இந்தத் தோளும் ஒரு மாதிரி வலிக்கி. பழையதையே போடுங்களே."

"ரெண்டு நாளில பழகிடும். நீங்கள் கதைக்கிறதைக் குறைச்சால் இளைக்காது" என்றேன்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். நான் ஸ்பீக்கரைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை அவர் வழமைபோல வந்தார், வழமையான இடத்தில் நின்றார். ஆனால் அன்று கதைக்கவில்லை. மூன்றாவது பாட்டு வந்தபோதும் மீன்வாடி வரவில்லை. நான் முன்னுக்கு நின்று அவரைப் பார்த்தேன். என் சொல்லைக் கேட்டு அடங்கியிருக்கிறார் என்று நினைத்தேன். எனக்கு அது திருப்தியாக இருந்தது. இதை எழுதும்போது கை கூசுகிறது, ஆனாலும் அது திருப்திதான், வேறு சொல் இல்லை.

முதல் நாளே மிஸி எங்களுக்கு ஒரு விதி சொல்லியிருந்தார். பயிற்சி செய்யும்போது பக்கத்தில் நிற்பவரோடு கதைக்கக்கூடிய அளவுக்கு மூச்சு இருக்க வேண்டும், கதைக்க ஏலாவிட்டால் உடனே நிறுத்த வேண்டும். அதை மண்டபத்துக் கரும்பலகையில் எழுதி வைத்ததே நான்தான். எழுத்து அழியாமல் எனக்குப் பின்னால் இருந்தது.

ஐந்தாவது பாட்டு பாதி தாண்டியிருக்கும். கிண்ணியாப் பெண் மெல்லக் கீழே குந்தினார். சப்பாத்துக் கயிறு கட்டத்தான் குந்துகிறார் என்று நினைத்தேன். பிறகு அப்படியே பக்கவாட்டில் சரிந்தார்.

யாரோ கத்தினார்கள். நான் பாட்டை நிறுத்த ஓடினேன். போன் பூட்டியிருந்தது. விரல் வியர்வையில் ஊறியிருந்ததால் அது என் கையை அடையாளம் காணவில்லை. இலக்கத்தை அமத்தினேன், பிழைத்தது. திரும்ப அமத்தினேன், திரும்பவும் பிழைத்தது. ஸ்பீக்கரின் பொத்தான் எங்கே என்பது எனக்கு மறந்துபோனது. அந்தப் பாட்டு முழுதாக ஓடி முடிந்து ஆறாவது தொடங்கியது. சம்பூர்ப் பெண்தான் வந்து என் கையிலிருந்து ஸ்பீக்கரைப் பறித்துப் பொத்தானை அமத்தினார். பிறகு ஜன்னலால் தலையை நீட்டி, "நானா! கெதியா மேல வாங்கோ!" என்று வீதியில் நின்ற அவரின் கணவரைக் கூப்பிட்டார்.

அவர் செருப்போடு படியேறி வந்தார். மனைவியின் பெயரை இரண்டு தரம் சொன்னார். மூன்று பெண்கள் சேர்ந்து பிடிக்க, தூக்கிக்கொண்டுபோய் ஓட்டோவில் ஏற்றினார்கள். சம்பூர்ப் பெண் ஏறி அவரின் தலையை மடியில் வைத்துக்கொண்டார். பக்கத்தில் இன்னொருவர் இருக்க இடம் இருந்தது. நான் ஏறவில்லை. ஏன் ஏறவில்லை என்று பிறகு பலமுறை யோசித்துவிட்டேன். மேலே மண்டபத்தைப் பூட்ட வேண்டும் என்று யாரிடமோ சொன்னதாக ஞாபகம்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது என்று கொஞ்ச நேரத்தில் போன் வந்தது.

மறுநாள் மத்தியானத்துக்கு முன்னம் அடக்கம் செய்தார்கள். நான் போய்ப் பெண்கள் இருந்த அறையில் இருந்தேன். அவரின் தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டு, "தாத்தா எப்பவும் உங்களப் பத்தித்தான் கதைப்பா" என்று அழுதார். அவர்கள் வீடுகளில் அக்காவைத் தாத்தா என்பார்கள். தையல் மெசினின் மேல் வெட்டியபடி ஒரு சட்டைத்துணி கிடந்தது. ஒருவரும் என்னைக் குற்றம் சொல்லவில்லை.

மிஸியும் சொல்லவில்லை. "நெஞ்சுக் குழாயில அடைப்பு முந்தியே இருந்திருக்கும். பாட்டில்லாட்டிலும் என்னைக்கோ ஒருநாள் வந்திருக்கும்" என்றார். சனிக்கிழமை கிண்ணியாப் பெண் தன் தோளைப் பற்றிச் சொன்னதை நான் மிஸியிடம் சொல்லவில்லை. கேட்டுவிட்டு அவர் முகம் எப்படி மாறும் என்பது எனக்குத் தெரிந்திருந்தது.

இரண்டு கிழமை மண்டபம் பூட்டிக் கிடந்தது. பிறகு திறந்த அன்று ஆறு பேர் வந்தார்கள். அடுத்த நாள் மூன்று பேர். அதோடு நின்றது.

ஒன்றரை மாதம் கழித்து ஒரு காலையில் படலைக்கு வெளியே ஓட்டோ வந்து நின்ற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். அவரின் கணவர்.

உள்ளே கூப்பிட்டுக் கதிரை கொடுத்தேன். தேத்தண்ணீர் வேண்டாம் என்றார். மெலிந்திருந்தார்.

"டீச்சர், ஒரு உதவி. அந்தப் பாட்டெல்லாம் என்ன செல்லுது எண்டு எனக்குத் தெரியணும்."

எனக்கு விளங்கவில்லை. "என்ன பாட்டு நானா?"

"நீங்க போடுற பாட்டு. ஒரு வருசமாக் கீழ நிண்டு கேட்டிரிக்கன். எது எத்தனையாவது எண்டு தெரியும். ஏழாவது முடிய அவ படியில இறங்குவா, நான் வண்டிய ஸ்டார்ட் பண்ணுவன். ஆனா என்ன செல்றாங்க எண்டு தெரியாது. மவுத்தாகிற நேரம் காதுல அல்லாஹ்ட கலிமா விழணும் டீச்சர். அவட காதுல விழுந்தது பாட்டு. அதுல என்ன இருந்திச்சு எண்டாச்சும் நான் தெரிஞ்சுக்கணும்."

போனை எடுத்தேன். அன்றைக்குப் பிறகு அந்தப் பட்டியலை நான் திறந்திருக்கவில்லை.

முதல் பாட்டைப் போட்டு, ஒவ்வொரு வரியாக நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொன்னேன். வகுப்பில் செய்ததைப் போலத்தான். வீட்டுக்குத் திரும்பிப் போகும் ஒருவனைப் பற்றியது. அவர் தலையை ஆட்டினார். இரண்டாவது, மழைக்காலத்தில் பிரிந்த ஒரு நண்பனைப் பற்றியது. மூன்றாவது தொடங்கியதும் அவரே கையைத் தூக்கி மறித்தார்.

"இதுதானே மீன்வாடி?"

"ஓம் நானா."

"குசினிக்குள்ள நிண்டு பாடுவா. உண்மையா என்ன அது?"

"'மீன் வாட் ஐ' எண்டு பாடுறான். மனசில இருக்கிறதைத்தான் நான் சொல்லுறன், அப்பிடி வரும்."

அவர் அதை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். முகத்தில் சிரிப்புப் போல ஒன்று வந்தது, நிற்கவில்லை.

ஐந்தாவதுக்கு வந்தோம். கிட்டார் உறுமியதும் அவர் கதிரையின் பிடியை இறுக்கிப் பிடித்தார். இந்த இடத்தில் ஒரு பொய் சொல்லலாம் என்று எனக்குத் தோன்றியது. இது கடவுளைக் கூப்பிடும் பாட்டு என்று சொன்னால் அவர் நம்பியிருப்பார். வேறு ஒருவரிடமும் போய்க் கேட்கவும் மாட்டார். அவர் என்னை நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு பெடியன் தன்ட காரைப் பற்றிப் பாடுறான்" என்றேன்.

"காரா?"

"ஓம். எவ்வளவு வேகமா ஓடும், ஒருத்தராலயும் அதைப் பிடிக்க ஏலாது எண்டு."

"வேற ஒண்டும் இல்லயா?"

"இல்லை நானா. கடைசி வரைக்கும் அதுதான்."

பாட்டை நிறுத்தினேன். இந்த முறை விரல் சரியாக விழுந்தது. அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லிவிட்டால் இலேசாகும் என்று நினைத்தேனோ, அவர் கேட்கத் துணிந்ததுபோல நானும் சொல்லத் துணிய வேண்டும் என்று நினைத்தேனோ, இப்போது பிரித்துச் சொல்ல ஏலாது.

"நானா, இன்னொண்டும் இருக்கு" என்று தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். பாட்டை மாற்றியதை, சனிக்கிழமை அவர் தோள் வலிக்கிறது என்று சொன்னதை, பழையதைப் போடச் சொல்லிக் கேட்டதை, நான் பகிடியாகச் சொன்ன பதிலை. செவ்வாய்க்கிழமை அவர் கதைக்காமல் நின்றதையும் நான் அதைக் கண்டதையும் சொன்னேன்.

அவர் கதிரையில் நிமிர்ந்து இருந்தார். பிறகு கேட்டார்.

"இத என்னத்துக்கு டீச்சர் எனக்கிட்ட செல்றீங்க?"

"உங்களுக்குத் தெரிய வேணும் எண்டு..."

"தெரிஞ்சு நான் என்ன செய்ய? நான் பாட்டத்தானே கேட்டன்."

அவர் எழும்பினார். கதிரையைப் பழைய இடத்தில் நகர்த்தி வைத்தார்.

"தோள் வலிக்கிதெண்டு எனக்கிட்ட ஒரு வார்த்த செல்லல்ல" என்றார். "உங்களுக்கிட்டச் செல்லியிரிக்கா."

படலை வரைக்கும் பின்னால் போனேன். ஓட்டோவில் ஏறியிருந்து, சாவியைத் திருப்பாமல், என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"இத நீங்க செல்லாம இருந்திருக்கலாம் டீச்சர்."

அவர் சொன்னது சரி. அன்றுவரை அவருக்கு ஒரு துக்கம்தான் இருந்தது. நான் என்னுடையதில் பாதியை இறக்கி அவர் தோளில் வைத்துவிட்டேன். எனக்கும் அது இலேசாகவில்லை.

அதன் பிறகு மிஸி திரும்பவும் பெண்களைச் சேர்த்தார். இப்போது சம்பூர்ப் பெண்தான் நடத்துகிறார். பாட்டு இல்லை. "ஒண்டு, ரெண்டு, மூண்டு, நாலு" என்று வாயால் எண்ணுகிறார். ஒவ்வொரு பத்து நிமிடத்துக்கும் நிறுத்தி ஆள் ஆளாகப் பார்த்து, "கதையுங்கோ, ஏதாவது கதையுங்கோ" என்பார். நான் கடைசி வரிசையில் நிற்கிறேன். என் முறை வரும்போது, "சுகமா இருக்கிறன்" என்று மட்டும் சொல்கிறேன். என் பிரஷர் ஏறி, குளிசை இரண்டாகிவிட்டது.

பாட்டுக் கேட்பது விட்டுப்போனது. ஆனால் எண்ணுவது விடவில்லை. பஸ்ஸில் போகும்போது, கலியாண வீடுகளில், தெருவில் ஐஸ்கிறீம் வண்டி போகும்போதுகூட, பதினைந்து செக்கனில் எத்தனை என்று மனம் தானாக எண்ணி நாலால் பெருக்குகிறது.

போன மாரியில் சந்தையடியில் நல்ல மழை. இரண்டு பையோடு ஓட்டோ தரிப்பிடத்துக்கு ஓடினேன். வரிசையில் முதலாவதாக நிற்கிற வண்டியில்தான் ஏற வேண்டும், அது அங்கத்தைய ஒழுங்கு. முதலாவதாக நின்றது அவருடையது. அவர் என்னைக் கண்டார். நான் திரும்பிப் போக வெளிக்கிட்டேன், ஆனால் பின்னால் நின்ற ஓட்டோக்காரர், "முன்னுக்குப் போங்க அம்மா" என்று கைகாட்டினார். ஏறினேன்.

அவர் இறங்கி வந்து, மழை உள்ளே அடிக்காமல் பக்கத்துப் படங்கை இழுத்துக் கட்டினார். எங்கே போக வேண்டும் என்று கேட்கவில்லை. பின்னால் இருந்து அவரின் பிடரியைப் பார்த்துக்கொண்டு வந்தேன். நரை கூடியிருந்தது. சந்தியில் மழைத்தண்ணீர் நிறைந்த ஒரு கிடங்கு வந்தபோது, குலுங்காமல் மெல்ல இறக்கி ஏற்றினார்.

வீட்டடியில் இறங்கினேன். பைகளை எடுத்துப் படலைக்கு உள்ளே வைத்தார்.

"வாறன் டீச்சர்" என்றார்.

தன் வண்டியில் ஏறும் எல்லாரிடமும் அவர் அப்படித்தான் சொல்லுவார். வண்டி திரும்பி மழைக்குள் போகும்வரை நனைந்துகொண்டு நின்றேன். பிறகு பைகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன்.